வகுபடாத எண்

சரிந்து கிடந்த தூணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மீட்புப் படைக்காரன் அதில் வாயை வைத்துக் குப்புறப் படுத்திருந்தான்.

உள்ளே கணக்கு டீச்சர். இடிந்து விழுந்த டியூஷன் கட்டடத்தில் அவர் ஒருவரைத்தான் இன்னும் எடுக்கவில்லை. கால்கள் கான்கிரீட்டுக்கு அடியில்.

கான்கிரீட்டை அறுத்து அவரை எடுக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரை அவரைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு அதிகாரி மறுபக்கம் ஓடினார்.

அவன் போன மாதம் இப்படித்தான் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தான். பாதிப் பேச்சில் அவர் குரல் நின்றுபோனது.

"டீ... டீச்சர்," என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"பெரிசா ஒரு நம்பர் சொல்லுப்பா," என்றது உள்ளிருந்து குரல்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துப் படித்தான். ஐந்து லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது.

டீச்சர் பேசவேயில்லை. அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பிறகு, இது பகா எண்ணா என்று பார்த்துவிடலாம் என்றார். எழுநூற்று முப்பது வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதுமாம். எதிலும் மீதியில்லாமல் போகாவிட்டால் பகா எண்தான்.

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் மார்க்கரால் உடைந்த சுவரின் மேல் வகுத்தான். மூன்றுக்கு மீதி ஒன்று. ஏழுக்கும் ஒன்று. பதினொன்றுக்குப் பத்து. பதின்மூன்றுக்கு இரண்டு. பத்தொன்பதுக்கு ஏழு.

இருபத்து மூன்றில் தூண் முனகியது. தூசி கொட்டியது. டீச்சர் இருமிவிட்டு அடுத்ததைச் சொன்னார்.

முப்பத்தேழைச் சொன்னவர் அப்படியே அடங்கிவிட்டார்.

கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே வகுத்தான். "மீதி நாலு டீச்சர்! நாலு!" தொண்டை கிழியக் கத்தினான்.

இடைவெளியில் காதை ஒட்டவைத்தான்.

"மூணு," என்றது மெலிந்த குரல். "அவசரப்படாம போடுப்பா."

கான்கிரீட் ஸ்லாப் உயர்ந்தபோது இருநூற்றுப் பதினொன்றில் இருந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் டீச்சரின் முகம் முழுக்கச் சிமெண்டுத் தூசி. கூடவே ஓடியவனுக்கு அது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"அப்ப அது பகா எண்தானா டீச்சர்?"

"இல்லப்பா. பதினேழால மீதியே இல்லாம போகும். நீ நம்பரைச் சொன்னதுமே மனசுல போட்டுப் பாத்துட்டேன். அதான் அதை மட்டும் உங்கிட்ட சொல்லல."

"ஏன் டீச்சர்?" என்றான்.

"உன் குரல் அப்படி நடுங்கிச்சு. கணக்கு அங்கேயே முடிஞ்சிருந்தா நீ என்ன ஆயிருப்பியோ," என்றார்.