பீடிக்கு ஐந்து நிமிடம்

உமிக்குவியல் பற்றிக்கொண்டதற்குக் காரணம் சுந்தரவரதன் எறிந்த சிகரெட்தான். அது அவருக்கும் அவர் கும்பிடுகிற பெருமாளுக்கும் மட்டுமே தெரியும்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில் இருந்த அந்த ரைஸ்மில்லுக்கு அவர் மேனேஜர். நெற்றியில் திருமண், ஜேபியில் சிகரெட். வீட்டுக்கும் ஊருக்கும் தெரியாமல் தினம் ஒன்றை உமிக்குவியலுக்குப் பின்னால் நின்று ஊதுவார். அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் முதலாளியின் புல்லட் சத்தம் கேட்டதும் எங்கே எறிகிறோம் என்று பார்க்காமல் எறிந்தார். உமியோடு முப்பது சாக்கும் போயிற்று. "வாளி! வாளி!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியவரும் அவரேதான்.

நெருப்பு அணைந்த இடத்தில் முதலாளி வேதாசலம் பற்றிக்கொண்டார். "இன்னாய்யா மேனேஜர் நீ? ஆளுக்கொரு பீடிய வாயில வச்சிக்கினு இஞ்சின் கணக்கா பொகை வுட்டுக்கினு கீறானுங்க. நீ வேடிக்க பாத்துக்கினு கீற! நெருப்பு வச்சது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். அந்த ஆளு நாளைக்கு மில்லுல இருக்கக் கூடாது."

"ஒழுக்கமே போயிடுத்து சார்" என்றார் சுந்தரவரதன், வாசனை வராதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மூட்டை தூக்குகிறவர்களுக்காக மேஸ்திரி வீராசாமி வந்து நின்றான். "பீடிய நிறுத்தினா வேல நின்னுரும் சார். பொகை உள்ள எறங்கினாத்தான் மூட்ட மேல ஏறும். நீங்கதான சார் போர்டு எழுதி வச்சீங்க?"

போர்டு உண்மைதான். ஒழுக்கத்தை நிலைநாட்ட அவரே கைப்பட எழுதியது. 'எச்சில் துப்பாதே. சங்கு ஊதுமுன் வேலையை விட்டு நகராதே. பீடி குடிப்போர் மட்டும் ஐந்து நிமிடம் போய் வரலாம்.' அந்தக் கடைசி வரி, தன் இனத்தின் மேல் அவருக்கிருந்த பரிவு.

"அதிருக்கட்டும். பதினோரு மணிக்கு உமிப்பக்கம் போனது யாரு?"

வீராசாமி தலையைச் சொறிந்தான். "எங்காளு யாரும் இல்ல சார். பவளந்தான் போச்சு."

பவளம், களத்தில் நெல் காயவைக்கிறவள். திருப்புலிவனத்திலிருந்து நடந்து, எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போகிறவள். போன மாதம் சேர்ந்த அன்றே போர்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நானும் பீடி குடிக்கிறவதான் சார்" என்று வந்து நின்றாள். களமே சிரித்தது. சட்டத்துக்கு ஆண் பெண் கிடையாது என்று சுந்தரவரதன் பெரிய மனசோடு அனுமதித்தார்.

அதிலிருந்து எட்டு மணிக்கு ஒரு தரம், பதினொன்றுக்கு ஒரு தரம், மூன்றுக்கு ஒரு தரம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உமிக்குவியலைத் தாண்டி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போவாள். பொம்பளை பீடி குடிப்பதைப் போய்ப் பார்ப்பானேன் என்று ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சுந்தரவரதனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பழி போட ஆள் கிடைத்தாயிற்று. அவளுக்காகப் பேச ஒரு நாதி கிடையாது. 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்காமல் இல்லை. அது அடிக்கடி கேட்கிற குரல். கொஞ்சம் இரக்கம் காட்டினால் அடங்கிவிடும்.

ஆபீஸ் அறைக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பவளம், தெரியாம நடந்துடுத்துன்னு ஒத்துண்டுடு. முதலாளி கால்ல விழுந்தாவது ஒரு வாரத் தண்டனையோட முடிச்சு வைக்கிறேன். இல்லேன்னா நாளையிலேருந்து வேலை கிடையாது."

"நா நெருப்பு வைக்கல சார். வூட்டுக்காரரு கால் ஒடிஞ்சி படுத்துக்கினு கீறாரு. இந்த வேலயும் பூட்ச்சுன்னா அடுப்பு எரியாது சார்."

"அணைக்காம போட்டிருப்ப."

"போடல சார்."

"பின்ன அங்க என்னதான் பண்ணின?"

அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மேஜைமேல், நெருப்புக்குப் பிறகு ஆண்களிடமிருந்து பிடுங்கி வைத்த பீடிக்கட்டு கிடந்தது. அதிலிருந்து ஒன்றை உருவித் தீப்பெட்டியோடு அவளிடம் நீட்டினார். "எப்படிப் பத்தவைப்ப, எப்படி அணைப்ப, காட்டு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பவளம் குச்சியைக் கிழித்தாள். பீடியை வாயில் வைக்கவில்லை. ஊதுவத்தி கொளுத்துகிற மாதிரி கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நெருப்பைக் காட்டினாள். நுனி கருகியதே தவிர, பற்றவில்லை. குச்சி எரிந்து விரலைச் சுட்டதும் உதறினாள்.

சுந்தரவரதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இருபது வருஷக் கள்ளப் புகை முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது. "ஏம்மா, நீ ஜன்மத்துல பீடியைத் தொட்டதே இல்லையே!"

அவள் கருகிய பீடியை மேஜைமேல் வைத்தாள்.

"ஊர் சிரிக்கப் பீடிக்காரின்னு பேர் வாங்கிண்டு, மூணு வேளையும் அங்க எதுக்கும்மா போன? எங்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லு."

"புள்ள அங்க தூளில கீது சார். பால் குடுக்கணும்னா வுட மாட்டீங்க, அதான் பீடின்னேன்."