பவழம் தனக்கென்று எடுத்த சீட்டு

ஜோசியர் கூண்டைச் சாத்தாமல் டீ குடிக்கப் போயிருந்தார். பவழம் என்கிற அவருடைய கிளி மெல்ல வெளியே வந்து, முதன்முறையாகத் தனக்கென்று ஒரு சீட்டு எடுத்தது. ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்த அலகு அன்று தன் சீட்டைத் தானே பிரித்தது.

மயில்மேல் முருகன் வந்திருந்தார்.

"பார்த்தியா, உலகத்தையே சுத்தி வரப்போற யோகம் எனக்கு," என்று மரத்தடி அணிலிடம் காட்டிக் காட்டிக் குதித்தது கிளி. "இனிமே மலை, கடல் எல்லாம் பார்க்கப்போறேன்."

அணிலுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "வெட்டின இறக்கையும் வளர்ந்தாச்சு, அவரும் இல்லை. இப்பவே பறந்துடேன்."

"அவசரப்படாதே. சீட்டு எடுத்ததும் நேரா கூண்டுக்குள்ள போயிடணும். அப்பத்தான் பலிக்கும்," என்ற கிளி, உள்ளே போய்க் கதவைத் தன் அலகாலேயே இழுத்துச் சாத்திக்கொண்டது.