ஆற்றை இன்னொரு முறை

ஆற்றைக் கடக்கும்போது அந்தத் தடம் அங்கே இருந்ததா? ஈரக் காலணிகளோடு நின்று மெரின் எதிர்க்கரையையே பார்க்கிறாள். சற்றுமுன் அவளும் டெக்லனும் பைக்குகளை ஆற்றில் இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, கனத்த வயிறொன்று இழுபட்டுத் தண்ணீருக்குள் சறுக்கியதைப் போலச் சேறு வழவழவென்று மின்னுகிறது. தேநீர் நிறத் தண்ணீரின் மேல் சாயங்கால வெயில் அசையாமல் கிடக்கிறது. பறவைச் சத்தமே இல்லை. சூடான இன்ஜின்கள் மட்டும் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கின்றன.

"போச்சு," என்கிறான் டெக்லன், தலைக்கவசத்துக் கேமராவைத் தட்டியபடி. "ஏற்கெனவே ஓடிட்டிருந்ததை ஆத்துல இறங்கறப்போ மறுபடி அமுக்கி நிறுத்திட்டேன். நாம அங்க உக்காந்து ரொட்டி தின்னது முழுசா இருக்கு. ஆத்தைக் கடந்தது துளிகூட இல்ல." "நீ தின்னதையே வீடியோவா நெட்ல போடு. எல்லாரும் பயந்துடுவாங்க," என்கிறாள். "விளையாடாத கண்ணு. அந்தப் பக்கம் போயிட்டு ஒரே ஒரு தடவை திரும்பி வா. நான் இங்கேருந்து எடுக்கறேன்." "அந்தச் சேத்தைப் பாரு." அவன் பார்க்கிறான். "முதலைதான். இந்நேரம் எங்கேயோ போயிருக்கும். கடந்ததைக் காட்டலேன்னா யாரு நம்புவா?" குரல் நடுங்குவதை அவனே கேட்டிருக்க வேண்டும், அவசரமாகக் கேமராவை அவள் பக்கம் திருப்புகிறான். அதில் சிவப்புப் புள்ளி எரிகிறது. நடு ஆற்றில், காற்றே இல்லாத இடத்தில், தண்ணீர் லேசாகச் சுழித்து அடங்குகிறது.

"இல்ல, டெக்லன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, மெரின் வண்டியைத் தண்ணீரை விட்டு விலகி, மேட்டை நோக்கித் தள்ளத் தொடங்குகிறாள்.