சொல்லக் கூடாத சொல்

படகுகள் தாமே ஓடத் தொடங்கிய பிறகு கஸ்பாருக்கு வலை இழுப்பது மட்டும்தான் வேலை. போட்ட வழியை விட்டுப் படகு விலக ஒரே காரணம்தான் உண்டு: யாராவது வயர்லெஸ்ஸில் “முங்குறேன்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும்; சொன்னவன் படகு நிற்கும், அருகிலிருக்கும் படகு காப்பாற்றப் போகும். கடலில் வைத்துச் சொன்னால் அப்படியே நடந்துவிடும் என்று பயந்து எவரும் அதைச் சொல்வதில்லை. படகைச் செய்தவர்களுக்கு இது தெரியாது.

கூப்பிடு தூரத்தில் தங்கை புருஷன் மிக்கேல் தன் படகில் முழங்கால் தண்ணீரில் நின்றான்.

“மச்சான், போட்டுக்குள்ள தண்ணி கொஞ்சம் விளையாடுது.”

“மகிழ்ச்சி,” என்றது கஸ்பாரின் படகு, விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே.

“அந்த வார்த்தையச் சொல்லித் தொலையேன் மாப்ள,” என்றான் கஸ்பார்.

“வாய் கூசுது மச்சான். இப்ப இடுப்பு வரைக்கும் விளையாடுது.”

தங்கையின் முகம் நினைவுக்கு வர, கஸ்பாரே கண்ணை மூடிக்கொண்டு வயர்லெஸ்ஸில் சொன்னான்: “நான் முங்குறேன்.”

அவன் படகு நின்றது. அருகிலிருக்கும் படகு என்ற கடமையுணர்ச்சியில், பாதி தண்ணீருக்குள் இருந்தபடியே மிக்கேலின் படகு கஸ்பாரைக் காப்பாற்ற விரைந்து வந்தது. மிக்கேலைக் கஸ்பாரின் கையில் ஒப்படைத்துவிட்டுக் குமிழி விட்டபடி கீழே போனது.

மிக்கேல் சட்டையைப் பிழிந்தான். நன்றி சொல்வான் என்று கஸ்பார் காத்திருந்தான்.

“கடல்ல வச்சு அதச் சொல்லிட்டியே மச்சான்,” என்றான் மிக்கேல். “பாத்தியா, என் போட்டு போச்சு.”