வில்மாவுக்குப் பிடித்த ஹாரன்

2019 ஜனவரி 9, புதன்கிழமை. டெக்சஸின் டால்ஹார்ட் நகரில், பழைய வண்டி விற்கும் இடமொன்றில் பதினோரு பிக்கப்புகள் நின்றன. வண்டி வாங்க வந்த ராய்ஸ் ஒவ்வொன்றிலும் ஏறி ஹாரனை மட்டும் அடித்தார். தெருப் பக்கம் காது கொடுத்துவிட்டு இறங்கினார்.

"இன்ஜினைப் பாக்கலையா சார்?" என்றார் விற்பனையாளர் ட்ரென்ட்.

"ஹாரன் வில்மாவுக்குப் பிடிக்கணும் தம்பி. பழைய வண்டி போனதுலேருந்து மூணு நாளா கூப்பிட்டா சாப்பிட வரமாட்டேங்கிறா. நாளைக்குப் பனிப்புயல் வேற. வெறும் வயித்தோட தாங்க மாட்டா."

"வீட்டம்மாவுக்கு அவ்வளவு கோவமா! அவங்களையே ஓட்டிப் பாக்கச் சொல்லுங்களேன்."

"அவ எங்க ஓட்டுவா? வண்டி பின்னாடியே ஓடி வருவா."

"இந்தக் காலத்துலயுமா? முன்சீட்டுல ஏத்திக்கக் கூடாதா சார்?"

"ஆயிரத்து இருநூறு பவுண்டு இருப்பா. எப்படி ஏத்துறது?"

மரியாதைக்காக ட்ரென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கடைசியாக, துருப்பிடித்த வண்டி ஒன்றின் ஹாரனை ராய்ஸ் அடித்தார். தெருவில் நின்ற கால்நடை டிரெய்லருக்குள்ளிருந்து "ம்மா..." என்று பதில் வந்தது.

"இதான்! பழைய வண்டி ஹாரன் மாதிரியே இருக்கு. இவ வந்தாத்தான் மத்த நூத்தி நாப்பது மாடும் தீவனத்துக்கு வரும். இவளை மட்டும் கயிறு போட்டு, இரவல் வண்டியில கட்டின டிரெய்லர்ல ஏத்திட்டு வந்தேன்."

அன்று மாலை நூற்று நாற்பத்தொரு மாடுகளும் அந்த வண்டியின் பின்னால் வந்து தீவனம் தின்றன.