மாப்பிள்ளை மட்டும் தப்பு

"ஏனுங்க டாக்டர், இன்னைக்காவது அவரு கைக்கட்ட அவுத்து உடுவீங்களா?" மாரக்காள் மூக்கைச் சிந்தினாள்.

நல்லூர் பனியன் கம்பெனி முதலாளி கிட்டுசாமி, ஐசியூ கட்டிலில் கை கட்டப்பட்டுக் கிடந்தார். நிமோனியாவில் வந்தவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. முதலாளி குணம் மட்டும் தடுமாறவில்லை. "மசமசன்னு நிக்காத, பீஸை எண்ணு!" என்று நர்ஸை அதட்டினார். ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி, "தையல் கோணல், ரிஜெக்ட்டு!" என்று வீசினார். பிறகு கட்டாமல் என்ன செய்வார்கள்?

"நோய் கடுமையா இருந்தா இப்படிக் குழம்புறது சகஜம்மா, தெளிஞ்சிரும். இப்ப கேள்வி கேட்கிறேன். எல்லாம் சரியாச் சொன்னா கட்டை அவுத்து வார்டுக்கு மாத்திடலாம்" என்றார் டாக்டர் பரணி.

மகள் இந்துமதி சாமியை வேண்டிக்கொண்டாள். மயங்கி விழுந்த முதலாளியைக் காரில் தூக்கி வந்த கட்டிங் மாஸ்டர் ஜெபக்குமார் ஓரமாக நின்றான்.

"உங்க பேரு?"

"கிட்டுசாமிங்க."

"இது எந்த இடம்?"

"ஆஸ்பத்திரிங்க. நம்ம கம்பெனில ஏதுங்க ஏசி?"

மாரக்காளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இவங்க?"

"எங்கூட்டுக்காரிங்க. அது எம் புள்ள இந்து."

"இவரு?" டாக்டர் ஜெபக்குமாரைக் காட்டினார்.

"எங்க மாப்ளைங்க."

"அடக் கடவுளே, இன்னும் தெளியலியே!" மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "அது சாத்தான்குளத்துப் பையனுங்க டாக்டர். நம்ம சனமும் இல்ல, கும்பிடற சாமியும் வேற. நல்ல புத்தியில இதச் சொல்லியிருந்தா, எங்கிட்ட வெளக்குமாறு பிஞ்சிருக்கும்!"

ஜெபக்குமார் அவசரமாகக் கட்டிலருகே வந்தான். "முதலாளி, நல்லாப் பாருங்க. நான் கட்டிங் மாஸ்டர்லா?"

"அதுவுந்தானுங்க மாப்ளே."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "கட்டு அப்படியே இருக்கட்டும் சிஸ்டர்."

அப்பாவின் மணிக்கட்டு கன்றிச் சிவந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இந்துமதிக்குத் தாங்கவில்லை, அழுதேவிட்டாள். அம்மா பக்கம் திரும்பாமல் டாக்டரிடம் சொன்னாள்.

"அவுத்து உட்டுருங்க டாக்டர். அப்பா எல்லாமே சரியாத்தான் சொல்றாருங்க. போன மாசம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவருதானுங்க."

மாரக்காள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

கிட்டுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மிணி, நீங்க யாருங்க?"