ஜாடை

விவாகரத்து கிடைத்த அன்று, மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்து களைத்திருந்த பூங்கொடி, குடும்பப் படத்திலிருந்து கணவனை நீக்கச் சொன்னாள்.

"அவர் ஜாடையையும் எடுத்துடவா?" என்று கேட்டது சுவரிலிருந்த திரை.

யோசிக்கத் தெம்பில்லை. "எல்லாத்தையும் எடு."

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வீட்டுக் கதவு ஆளை அடையாளம் காணும். மாலையில் பள்ளி விட்டு வந்த மகள் அமுதினி வாசலில் நின்று அழுதாள்.

"அம்மா, கதவு என்னை யாருன்னு கேக்குதும்மா."

பூங்கொடி படத்தைப் பார்த்தாள். அவள் மடியில் அமுதினி இருந்த இடத்தில் யாரோ ஒரு குழந்தை இருந்தது.

"பழையபடி மாத்து."

"அந்த மூக்கும் கன்னக்குழியும் அவரோடது. அவர் சம்மதிக்கணும்."

கதவைக் கையால் திறந்து மகளை உள்ளே அழைத்துக்கொண்டாள். பிறகு, வக்கீல் நடுவில் இல்லாமல், அவனுக்குப் போன் செய்தாள்.

"பாப்பாவுக்கு உங்க முகம் வேணுங்க" என்றாள்.